விழுவதையும் வரைந்தாக வேண்டும்

வானூர்தி ஒன்றிலிருந்து தவறி விழுந்த சிறுமி, இரவு வானத்தில் மெல்ல மெல்ல இறங்கி வருகிறாள். கழுத்தில் தொங்கும் நீலக்கல் ஒளிர்கிறது. அவளோ மயக்கத்தில் இருக்கிறாள். உடலில் எடை என்பதே இல்லை. கீழே சுரங்கத்தில் வேலை பார்க்கும் சிறுவன் அதைக் கண்டு ஓடிவந்து, இரு கைகளையும் நீட்டி அவளை ஏந்திக்கொள்கிறான். சற்றுநேரத்தில் கல்லின் ஒளி அணைகிறது. சிறுமி சட்டென்று கனக்கிறாள். சிறுவனின் முதுகு வளைகிறது, விளிம்பில் தடுமாறுகிறான், முழுப் பலத்தையும் திரட்டி அவளை உள்ளே இழுக்கிறான்.

ஹயாவோ மியாசாகி இயக்கி 1986இல் வெளிவந்த ‘கேசில் இன் தி ஸ்கை’ படத்தின் தொடக்கக் காட்சிகளில் ஒன்று இது. சிறுமியின் பெயர் ஷீட்டா, சிறுவன் பாசு. அவள் மிதந்து வந்தபோது அதை அழகான காட்சியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நடந்தது அற்புதம் என்று உறைப்பது அவள் கனத்த பிறகு. அந்தக் கனம் இல்லையென்றால் மிதப்பதற்கு மதிப்பே இருந்திருக்காது.

இந்தச் சில நொடிகளுக்குள் சமயவாதிகளும் தத்துவ அறிஞர்களும் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. இயற்கையின் விதி மீறப்படுவதுதான் அற்புதமா? 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அப்படித்தான் வரையறுத்தார். விதி என்பது மனிதகுலத்தின் இடையறாத அனுபவத்தால் உறுதிப்பட்டது. ஆகவே அதை மீறிய நிகழ்ச்சிக்கான சாட்சியம் எதுவும் அந்த அனுபவத்தை வெல்ல முடியாது என்பது அவர் வாதம். அவருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தீன் வேறு வழியில் போயிருந்தார். அற்புதம் இயற்கைக்கு விரோதமானதல்ல, இயற்கையைப் பற்றி நாம் அறிந்துவைத்திருப்பதற்கு மட்டுமே விரோதமானது என்று ‘இறைவனின் நகரம்’ நூலில் எழுதினார். இந்த இரண்டு நிலைப்பாடுகளையும் சோதித்துப் பார்க்க நமக்கு ஓர் உலகம் தேவை. அந்த உலகின் விதிகளை எழுதியவர் யார், எங்கே, எதற்காக மாற்றினார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனிமேஷன் படம் அப்படிப்பட்ட உலகம்.

கேமரா வைத்து எடுக்கும் படத்தில் ஒரு கல்லைக் கைவிட்டால் அது தானாக விழும். இயக்குநர் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை, பூமி பார்த்துக்கொள்ளும். அனிமேஷனில் எதுவும் தானாக விழாது. விழுவதையும் ஒருவர் வரைந்தாக வேண்டும், அல்லது விழச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை எழுத வேண்டும். ஒரு நொடிக்கு 24 பிரேம்கள். கைவிட்ட கல் முதல் பிரேமில் சுமார் 8.5 மில்லிமீட்டர் இறங்கும். இரண்டாவதில் 25.5, மூன்றாவதில் 42.5. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்களாக இடைவெளி விரிந்துகொண்டே போகும். 17ஆம் நூற்றாண்டில் கலீலியோ கண்டுசொன்ன கணக்கு இது. இடைவெளிகளைச் சமமாக வரைந்துவிட்டால் கல் விழாது, நூலில் கட்டி இறக்கியதாகத் தெரியும். பார்ப்பவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று வயதுக் குழந்தைகூட எங்கோ தப்பு நடக்கிறது என்று உணர்ந்துவிடும்.

1930களில் டிஸ்னி ஸ்டூடியோ தன் ஓவியர்களைப் பள்ளிப் பிள்ளைகளாக்கியது இதனால்தான். 1932இலிருந்து டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியர் அங்கே வகுப்பெடுத்தார். மனிதர்களும் விலங்குகளும் நடப்பதை, குதிப்பதை, விழுவதைப் படச்சுருளில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, உடல் எடை எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு மாறுகிறது என்று அலசினார்கள். அந்தப் பயிற்சியில் விளைந்ததுதான் 1937இன் ‘ஸ்னோ ஒயிட்’. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் தங்கள் கலையின் 12 அடிப்படைகளைப் புத்தகமாக எழுதினார்கள். முதலாவது, உருவத்தை நசுக்குவதும் நீட்டுவதும். தரையில் மோதும் பந்து தட்டையாகலாம், எம்பும்போது நீளலாம்; எவ்வளவு வேண்டுமானாலும். ஒரே நிபந்தனை, அதன் கனஅளவு மாறக்கூடாது. தட்டையானால் அகலமாக வேண்டும், நீண்டால் ஒடுங்க வேண்டும். பொருளின் உருவத்தை இஷ்டம்போல் வளைக்கும் உரிமை பெற்றவர்கள், அந்த உரிமையைப் பயன்படுத்தும் நொடியிலேயே பொருளின் அளவு அழியாது என்ற விதிக்குத் தங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டார்கள்.

இங்கே அல் கஸ்ஸாலியை அழைத்துவர வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதில் கற்பித்த இந்த இஸ்லாமிய மேதை, கிரேக்கத் தத்துவத்தைப் பின்பற்றியவர்களை மறுத்து ‘தஹாஃபுத் அல் ஃபலாஸிஃபா’ என்ற நூலை எழுதினார். அதன் 17ஆம் விவாதம் நெருப்பையும் பஞ்சையும் பற்றியது. நெருப்பு பஞ்சைத் தொடுகிறது, பஞ்சு எரிகிறது. நெருப்புதான் எரித்தது என்பதை யார் பார்த்தார்கள் என்று கேட்கிறார் அவர். தொட்டதைப் பார்த்தோம், எரிந்ததைப் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கட்டாயத்தை யாரும் பார்க்கவில்லை. நெருப்பு உயிரற்றது, அதற்குச் செயல் கிடையாது. எரிப்பு என்பதைப் பஞ்சில் படைப்பவன் இறைவன். அவன் நினைத்தால் தொட்டும் எரியாமல் இருக்கும்; நெருப்பில் எறியப்பட்ட நபி இப்ராஹீம் கருகாமல் வெளிவந்தது அப்படித்தான். கஸ்ஸாலி சார்ந்திருந்த அஷ்அரி மரபு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பொருள்களின் நிறம், அசைவு போன்ற தன்மைகள் இரண்டு கணங்கள் சேர்ந்தாற்போல் நிலைப்பதில்லை, கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படுகின்றன என்றது.

கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படும் உலகம்: அனிமேஷனுக்கு இதைவிடச் சரியான விளக்கம் இல்லை. திரையில் வரையப்பட்ட தீ வரையப்பட்ட பஞ்சை எரிப்பதில்லை. தீ ஒரு தாளில் இருக்கிறது, பஞ்சு இன்னொரு தாளில் இருக்கிறது. பஞ்சு கருகியதாக அடுத்த பிரேமை வரைபவர்தான் அதை எரிக்கிறார். முந்தைய பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் அவருடைய விருப்பம் தவிர எந்தத் தொடர்பும் கிடையாது. கஸ்ஸாலி நம் உலகைப் பற்றிச் சொன்னது உண்மையா என்பது வேறு விஷயம். வரைந்த உலகைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஓர் எதிர்வாதத்தை கஸ்ஸாலியே முன்வைக்கிறார். காரணமும் விளைவும் கட்டுண்டவை அல்ல என்றால், வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாகியிருக்கலாமே, எதை நம்புவது? அவர் பதில் நிதானமானது. முடியும் என்பது வேறு, நடக்கிறது என்பது வேறு. இறைவன் தன் வழக்கத்தை மாற்றாமல் நடத்துகிறான். புத்தகம் குதிரையாகவில்லை என்ற அறிவையும் அவனே நமக்குள் வைத்திருக்கிறான். இந்தப் பதில் போதாது என்றார் அடுத்த நூற்றாண்டில் கோர்டோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து. காரணத்தை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும் என்பது அவர் கட்சி.

அனிமேஷன் ஸ்டூடியோவில் புத்தகம் குதிரையாவதற்கு எந்தத் தடையும் இல்லை. பென்சிலுக்கு இரண்டும் ஒன்றுதான். இருந்தும் அங்கே நடப்பது என்ன? எல்லா உரிமையும் உள்ள அந்தக் கைகள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று விழப் பழகுகின்றன. கஸ்ஸாலி இறைவனின் வழக்கம் என்று சொன்னது எதற்காகத் தேவைப்படுகிறது என்பது இங்கே விளங்குகிறது. வழக்கம் இல்லாத உலகில் எதுவும் நடக்கலாம். எதுவும் நடக்கலாம் என்றால் நடப்பது எதற்கும் பொருள் இருக்காது. படைப்பவரின் வல்லமை விதியை ஏற்படுத்திக் காப்பதில்தான் முதலில் தெரிகிறது. மீறுவது அதற்குப் பிறகு வரும் வேலை.

1949இல் சக் ஜோன்ஸ் இயக்கிய ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்’ குறும்படத்தில் கயோட்டி என்ற பாலைவன ஓநாய் முதன்முதலாக ரோட் ரன்னர் பறவையைத் துரத்தியது. அன்றிலிருந்து அது எத்தனை முறை மலை விளிம்பைத் தாண்டி வெற்று வெளியில் ஓடியிருக்கிறது என்பதைக் குழந்தைகள் அறிவார்கள். ஓடும்வரை விழுவதில்லை. நின்று, கீழே பார்த்து, காலடியில் தரை இல்லை என்று தெரிந்த பிறகே விழும். 1980இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ஓ’டானல் ‘எஸ்குவயர்’ இதழில் கார்ட்டூன் இயக்க விதிகளைத் தொகுத்தபோது, அந்தரத்தில் நிற்கும் பொருள் தன் நிலையை உணரும்வரை அந்தரத்திலேயே நிற்கும் என்பதை அவற்றில் ஒன்றாக எழுதினார். ஈர்ப்பு விசை மனத்தின் வழியாக வேலை செய்யும் உலகம் அது.

இதே அமைப்பு மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு கடல்மீது நடந்து வருகிறார். பேதுரு தானும் வருவதாகக் கேட்டுப் படகிலிருந்து இறங்கி நீரின்மேல் நடக்கிறார். காற்று பலமாக வீசுவதைக் கண்டதும் பயம் வருகிறது, மூழ்கத் தொடங்குகிறார். கண்டது, அஞ்சியது, மூழ்கியது என்ற வரிசை கயோட்டிக்கும் அதுவேதான். ஆனால் ஓநாயைத் தாங்கியது அறியாமை. பேதுரு இறங்கும்போதே தண்ணீர் என்று தெரிந்துதான் இறங்கினார். அவரைத் தாங்கியது எதிரே நின்றவர்மேல் இருந்த நம்பிக்கை. அறியாமையால் நிற்பவருக்கு அறிவு வந்ததும் எல்லாம் முடிந்துவிடும். நம்பிக்கையால் நிற்பவர் மூழ்கும்போதும் கைநீட்டிக் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வது என்று நினைப்பவர்கள், பக்தர்களானாலும் சரி நாத்திகர்களானாலும் சரி, இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். மியாசாகியின் 1989 படத்தில் வரும் கிகி என்ற சூனியக்காரச் சிறுமிக்கு, தன்மேலேயே சந்தேகம் வந்தவுடன் பறக்கும் ஆற்றல் போய்விடுகிறது. ஆபத்தில் தொங்கும் நண்பனைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில்தான் அது திரும்புகிறது; அதுவும் தட்டுத்தடுமாறி.

நேரடியாகச் சமய நூலிலிருந்தே எடுத்த அற்புதத்தை அனிமேஷன் எப்படிக் கையாண்டது என்று பார்க்க, ட்ரீம்வொர்க்ஸ் 1998இல் வெளியிட்ட ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ ஒன்று போதும். மோசே கோலை ஊன்ற, செங்கடல் பிளந்து இருபுறமும் சுவராக எழுகிறது. மக்கள் நடுவே பயந்து பயந்து நடக்கிறார்கள். மின்னல் வெட்டும்போது அந்த நீர்ச்சுவருக்குள் பிரம்மாண்டமான கடல் உயிர் ஒன்று நீந்திப்போவது நிழலாகத் தெரிகிறது. அந்த நிழல்தான் காட்சியின் உயிர். சுவராக நிற்பது இப்போதும் கடல்தான், மீன் வாழும் தண்ணீர்தான் என்று அது உணர்த்துகிறது. தண்ணீர் தன் இயல்பை இழந்து கண்ணாடியாகியிருந்தால் அங்கே அற்புதத்துக்கு வேலை இல்லை. விவிலியத்தின் யாத்திராகமமும் கடல் சும்மா பிளந்தது என்று சொல்லவில்லை. இரவு முழுக்கக் கீழைக்காற்று பலமாக வீசியதாகச் சொல்கிறது.

யூத அறிஞர்கள் இதை ஆழமாக யோசித்தார்கள். ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய விளக்க நூலான ‘பெரெஷித் ரப்பா’வில் ஒரு கருத்து வருகிறது. இஸ்ரவேலருக்காகப் பிளக்க வேண்டும் என்று கடலைப் படைத்தபோதே இறைவன் அதனிடம் நிபந்தனை வாங்கிக்கொண்டான் என்பது அது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் இதைப் பிடித்துக்கொண்டார். படைப்பின்போதே ஒவ்வொரு பொருளின் இயல்பிலும் அதன் வழக்கமும் விதிவிலக்கும் சேர்த்தே வைக்கப்பட்டன என்றார். அப்படியானால் அற்புதம் என்பது பாதியில் நினைவு வந்து செய்த திருத்தம் ஆகாது. இன்றைய அனிமேஷன் ஸ்டூடியோவில் கடலுக்கான நிரல் எழுதுபவர்கள் செய்வதும் இதுதான். அலை எப்படிப் புரள வேண்டும் என்ற சமன்பாட்டோடு, எந்தக் காட்சியில் எந்த இடத்தில் அது எழுந்து நிற்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே அமைத்துவிடுகிறார்கள்.

நம் மரபும் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்திருக்கிறது. சித்தர் மரபு எண்ணும் எட்டுச் சித்திகளில் லகிமா உடலை லேசாக்குவது, கரிமா அசைக்க முடியாதபடி கனக்கச் செய்வது. எடைதான் இரண்டுக்கும் களம். ஆற்றல் பெற்றவன் அதை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையில் வியப்பூட்டும் பதில் ஒன்று இருக்கிறது. மூன்றாம் பாதத்தில், சித்திகளைப் பட்டியலிட்ட கையோடு அவர் சொல்கிறார்: யோகிக்கு வல்லமை இருந்தும் பொருள்களின் இயல்பைத் தலைகீழாக்குவதில்லை. ஏனென்றால், அவனுக்கு முன்பே முழுமை பெற்ற ஒருவன், அவை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சங்கற்பித்திருக்கிறான். வல்லமையின் உச்சியில் ஏறியவர் அங்கே நின்று பிறர் எழுதிய விதிக்கு மரியாதை செய்கிறார். அற்புதத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கண்ணியமான கருத்து அரிது.

அனுமன் கடல் தாண்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். வால்மீகியின் சுந்தர காண்டம் அதில்தான் தொடங்குகிறது. கம்பரின் சுந்தர காண்டமும் கடல் தாவு படலத்தில்தான் தொடங்குகிறது. பாய்வதற்கு முன் அனுமன் மகேந்திர மலையைக் காலால் அழுத்துகிறான். மலை நசுங்குகிறது, ஊற்றுகள் பீறிடுகின்றன, குகையில் கிடந்த உயிர்கள் அலறிக்கொண்டு வெளியே வருகின்றன. வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டன் எழுதியது 1687இல். மேலே போகிறவன் கீழே எதையாவது உதைத்தாக வேண்டும் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே நம் கவிகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்களை முன்கூட்டிய விஞ்ஞானிகள் என்று கொண்டாட இதைச் சொல்லவில்லை. அப்படிக் கொண்டாடுவது கவிதைக்கும் நல்லதல்ல, அறிவியலுக்கும் நல்லதல்ல. மலை நசுங்காவிட்டால் பாய்ச்சலைக் கேட்பவர் நம்ப மாட்டார் என்பதை அவர்கள் கலைஞர்களாக அறிந்திருந்தார்கள். ஜப்பானின் யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி இருவரோடும் இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகன் சேர்ந்து இயக்கி 1993இல் வந்த ராமாயணப் படம், 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. இந்த உணர்வு இரு நாட்டுக் கலைஞர்களுக்கும் பொதுவாக இருந்ததால்தான் அப்படி ஒரு கூட்டு முயற்சி சாத்தியமாயிற்று என்று தோன்றுகிறது.

எல்லா மீறல்களும் இவ்வளவு கனமானவை அல்ல. 2009இல் வந்த பிக்ஸாரின் ‘அப்’ படத்தில் கார்ல் என்ற முதியவரின் வீடு பலூன்களால் எழும்புகிறது. எழும்பும் காட்சிக்காக 20,622 பலூன்கள் வரையப்பட்டன. ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிராமைத் தூக்கும். ஒரு பலூனில் 14 லிட்டர் என்று வைத்தால் மொத்தமாக 300 கிலோவைக்கூட எட்டாது. வீடு அசையாது. ஆனாலும் யாரும் மனக்குறையோடு எழுந்து போகவில்லை. பலூன்கள் ஒவ்வொன்றாகக் குறையும்போது வீடு தாழ்கிறது. தூக்கிச் சென்ற பழைய சாமான்களை வெளியே எறியும்போது அது மீண்டும் எழுகிறது. கணக்கில் பிழை இருந்தாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939இல் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரையில், இரண்டாம் உலகைப் படைப்பவன் அதற்குள் உண்மையின் இசைவைக் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்தியது இதைத்தான். கத்தோலிக்க பக்தரான அவருக்கு இது வெறும் எழுத்து நுட்பமாகப் படவில்லை. படைத்தவனின் சாயலில் படைக்கப்பட்டதால்தான் மனிதனும் படைக்கிறான் என்று அவர் நம்பினார்.

அவருக்கு முன்னோடியான ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் மெக்டொனால்ட் 1893இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. கற்பனை உலகுக்குப் புதிய பௌதிக விதிகளைக் கதாசிரியன் தாராளமாக ஏற்படுத்திக்கொள்ளலாம். அறவிதியை அப்படிப் புதிதாக உண்டாக்க அவனுக்கு உரிமை இல்லை. கருணையைத் தீமையாகவும் கொடுமையை நன்மையாகவும் காட்டும் உலகைப் படைக்கக் கூடாது என்றார். அனிமேஷன் வேரூன்றாத காலத்தில் சொன்னது, ஆனால் அதன் சரித்திரம் முழுவதும் இதற்குச் சாட்சி. பறக்கும் கம்பளம், பேசும் மான், நீர்மேல் ஓடும் ரயில் எல்லாவற்றையும் குழந்தை மறுபேச்சின்றி ஏற்கிறது. நல்லவரைக் காட்டிக்கொடுத்தவன் கடைசியில் பரிசு வாங்கி, அதைச் சரி என்று படம் சொன்னால் மட்டும் ஏற்காது.

இன்னும் ஒரு படி போகலாம். நல்ல அனிமேஷன் படங்களில் பௌதிக விதி வளைகிறபோது பெரும்பாலும் அறத்தின் பக்கமாகத்தான் வளைகிறது. 1940இன் ‘பினோக்கியோ’வில் பொய் சொன்னால் மரப்பொம்மையின் மூக்கு நீள்கிறது. மரத்துக்கு அப்படி ஒரு குணம் தாவரவியலில் கிடையாது, ஆனால் பொய்க்கு உண்டு. ஒன்றைச் சொன்னால் அது வளரும். மியாசாகியின் 2001 படமான ‘ஸ்பிரிட்டட் அவே’யில் தெய்வங்களுக்காக வைத்த உணவை அள்ளித் தின்ற பெற்றோர் பன்றிகளாகிறார்கள். பேராசையை உண்டு வீங்கிய முகமற்ற உருவம், விழுங்கியதையெல்லாம் கக்கிய பிறகே பழைய அளவுக்குச் சுருங்குகிறது. செயலின் பயன் உடலிலேயே ஏறும் உலகம் இது. வினைப்பயன் என்று நம் முன்னோர் சொன்னதை இந்தப் படங்கள் கண்ணால் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரிக்கும் தீயிடம் கண்ணகி அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்கிறாள். ஆளைப் பார்த்துச் சுடும் நெருப்பு எந்த இயற்பியலிலும் இல்லை. அநீதியாகத் தண்டித்த அரசின் நகரில், நீதி தெரிந்த நெருப்பு வேண்டும் என்று இளங்கோவுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் உலகில் அந்த நெருப்பு இல்லை. அனிமேஷனை வைத்து இறைவனைப் பற்றிப் பேசுவது இந்த இடத்தில் உடைகிறது, அதை மறைக்கக் கூடாது. பள்ளத்தில் விழுந்த கயோட்டி அடுத்த காட்சியில் தூசி தட்டி எழுந்துவிடும். அதற்கு வலி வரையப்படுகிறது, வலிப்பதில்லை. உண்மையில் விழும் குழந்தைக்கு வலிக்கிறது. ஒவ்வொரு கணத்தையும் இறைவனே நேரடியாகப் படைக்கிறான் என்றால் அந்த வலியையும் அவன் பிரேம் பிரேமாக வரைந்தான் என்றாகும். கஸ்ஸாலியின் கோட்பாட்டுக்கு இருக்கும் மிகப் பெரிய சுமை இதுதான். இப்னு ருஷ்தின் பக்கம் சாய்ந்து, பொருள்களுக்குத் தம் சொந்த இயல்பு உண்டு என்று சொன்னால் சுமை கொஞ்சம் குறைகிறது, இறங்கிவிடுவதில்லை.

ஆனாலும் வரைந்த உலகும் வலிக்கும் உலகும் ஒரே விதியில் சந்திப்பதும் உண்டு. அதற்கு ஓர் உதாரணம் பனி. 2013இல் வந்த டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ படத்தில் எல்சா கைவீசியதும் பனி மாளிகை எழுகிறது. அந்தப் பொய்யான அற்புதத்துக்காக ஸ்டூடியோ மெய்யான பனியைப் படித்தது. குழுவினர் வயோமிங் மாநிலத்துக்குப் போய் ஆழ்ந்த பனியில் நடந்து பார்த்தார்கள். பனிப்படிக ஆய்வாளர் கென்னத் லிப்ரெக்ட் ஆலோசனை சொன்னார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக் கணிதவியலாளர்களும் டிஸ்னி ஊழியர்களும் சேர்ந்து, பனி எப்படி ஒட்டுகிறது, உடைகிறது, சரிகிறது என்பதற்கான கணினி முறையை உருவாக்கி அதே ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எல்சாவின் மந்திரம் எங்கிருந்து வருகிறது என்று படம் சொல்வதில்லை. அவள் கையை விட்டுப் புறப்பட்ட பனி தரையைத் தொட்டதும் பெரும்பாலும் இயற்பியலுக்குக் கட்டுப்படுகிறது.

அந்தப் பனியின் கதை அதோடு முடியவில்லை. 1959 பிப்ரவரியில் சோவியத் நாட்டின் வட யூரல் மலையில் பனிச்சறுக்குப் பயணம் போன ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களின் தலைவர் பெயரால் அந்த இடம் பின்னர் டியாட்லோவ் கணவாய் எனப்பட்டது. கூடாரம் உள்ளிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. சிலருடைய விலா எலும்புகளும் மண்டையோடும் நொறுங்கியிருந்தன. அறுபது ஆண்டுகளாக ரகசிய ஆயுதம், அமானுஷ்ய சக்தி என்று வதந்திகள் ஓடின. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஜோஹன் காம், அலெக்சாண்டர் புஸ்ரின் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, சிறிய பலகைப் பனிச்சரிவு ஒன்றே அப்படிப்பட்ட காயங்களை உண்டாக்கியிருக்க முடியும் என்று காட்டியது. பனி உடலில் மோதும் தாக்கத்தைக் கணக்கிட, ‘ஃப்ரோசன்’ படத்துக்காக உருவான கணினி முறை அவர்களுக்குப் பயன்பட்டது. படத்தின் பனி அவ்வளவு மெய்யாகத் தெரிந்ததால்தான் காம் அந்த முறையைத் தேடிப் போனார். எல்சாவுக்குக் கீழ்ப்படிந்த பனியும் அந்த மலையில் சரிந்திருக்கக்கூடிய பனியும் ஒரே சமன்பாட்டுக்கு உட்பட்டவை. அமானுஷ்யம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இயற்கை தன் விதியை இம்மியும் மீறியிருக்கத் தேவையில்லை.

எனவே அற்புதத்தை விதிமீறல்களின் எண்ணிக்கையாக அளப்பது தவறு. ஹியூமின் வரையறையை ஏற்றுக்கொண்டு, இத்தனை மீறல்கள் நடந்தன என்று பட்டியல் போட்டுத் தம் சமயத்தை நிரூபிக்க முனைபவர்கள் அவருடைய களத்தில் அவருடைய ஆட்டத்தை ஆடுகிறார்கள். வியாசரும் மைமோனிடீசும் காட்டிய வழியே சரி: முதலில் இயல்பு, அதற்கு மரியாதை, அந்த மரியாதைக்குள்தான் விதிவிலக்கு. மலை நசுங்குவதையும் நீர்ச்சுவருக்குள் மீன் நீந்துவதையும் மறந்த அற்புதக் கதை சமயத்தையும் காப்பாற்றாது, கலையையும் காப்பாற்றாது.

வீட்டில் குழந்தையோடு இந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இது நிஜமா நடக்குமா?’ என்று குழந்தை கேட்டால், ‘அது சும்மா கதை’ என்று வாயை அடைக்க வேண்டாம். ‘சாமி நினைத்தால் எல்லாம் நடக்கும்’ என்றும் முடித்துவிட வேண்டாம். படத்தை நிறுத்திப் பிரேம் பிரேமாக ஓட்டிக் காட்டுங்கள். இங்கே எது விழுகிறது, எது விழவில்லை, விழாமல் இருக்க யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரு பந்தைக் கைவிட்டு, கைபேசியில் படம் பிடித்து, அது இறங்கும் இடைவெளிகளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோயில், தேவாலயம், மதரசா எதுவானாலும், அற்புதக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்களும் இதைச் செய்யலாம். அரை மணி நேரம் போதும்.